கக்கூஸ் சாவிக்கு ஒரு சங்கம்

அடி அண்ணாமலை
2.11.2025

தம்பி வேடியப்பனுக்கு,

இந்தக் கடிதத்தை உன் பெண்டாட்டி தனத்திடம் கொடுத்து அனுப்புகிறேன். வழியில் பிரித்துப் படித்துவிட்டுத்தான் உன்னிடம் தருவாள். படிக்கட்டும், அவளும் பெண்தான்.

உன் மகள் காதுகுத்தன்று, பந்தியில் அத்தனை சொந்தக்காரர்கள் முன்னால் கேட்டாயே, "கக்கூஸ் சாவிக்கெல்லாம் ஒரு சங்கமாக்கா? ஊரே சிரிக்குது" என்று. எல்லாரும் சிரித்தார்கள். சின்ன மாமாவுக்குப் புரையேறிவிட்டது. நான் இலையை மூடிவிட்டு எழுந்து, மலையைப் பார்த்துக் கையை நீட்டி, இனி உன்னோடு ஒரு வார்த்தை பேசமாட்டேன் என்று சொல்லிவிட்டு வந்தேன். சொன்னது சொன்னதுதான். பேசமாட்டேன். எழுதமாட்டேன் என்று சொல்லவில்லை.

அங்கேயே உனக்குப் பதில் சொல்லியிருப்பேன். ஆனால் அந்தப் பதில் என்னுடையது இல்லை, என்னோடு வேலை செய்கிற ரஹமத்துடையது. அவளிடம் கேட்டுக்கொண்டுதான் எழுதுகிறேன். "எழுதுக்கா. ஆனா அவன் வெளிய சொன்னான்னு தெரிஞ்சுது, வேனோட வெச்சுக் கொளுத்திடுவேன்னு சேத்து எழுது" என்றாள். எழுதிவிட்டேன்.

நீ லாண்டரி வேன் ஓட்டுகிறாய். லாட்ஜ் லாட்ஜாகப் போய் அழுக்கு மூட்டையை ஏற்றிவந்து வாசலில் போடுகிறாய், வெளுத்ததை ஏற்றிக்கொண்டு போகிறாய். டீ குடிக்க வேண்டும் என்றால் நிறுத்துகிறாய். ஒதுங்க வேண்டும் என்றாலும் ஓரமாக நிறுத்துகிறாய். நாங்கள் இஸ்திரி ரோலர் முன்னால் நிற்கிறோம். இந்தப் பக்கம் இரண்டு பேர் ஈர பெட்ஷீட்டைக் கொடுக்க வேண்டும், அந்தப் பக்கம் இரண்டு பேர் வாங்கி மடிக்க வேண்டும். ஒருத்தி நகர்ந்தால் நாலு பேர் வேலை நிற்கும். அதனால் பெண்கள் கக்கூஸைப் பூட்டி, சாவியைச் சூப்பர்வைசர் தசரதன் சட்டைப்பையில் வைத்திருக்கிறான். போக வேண்டும் என்றால் அவன் முன்னால் போய் நிற்க வேண்டும். "இப்பதானே போன?" என்பான். "தண்ணி குடிக்கவே கம்பெனிக்கு வர்றியா இன்னா?" என்பான்.

ரஹமத்துக்குச் சர்க்கரை. அடக்க முடியாது. புரட்டாசிப் பௌர்ணமிக்கு மறுநாள், கிரிவலக் கூட்டம் படுத்தெழுந்த துணியெல்லாம் கூரை வரைக்கும் குவிந்து கிடந்தது. அவள் சாவி கேட்டாள். தசரதன் போனில் இருந்தான். கையைக் காட்டி, இரு என்றான். இருந்தாள். மறுபடி போய் நின்றாள். முதுகைத் திருப்பிக்கொண்டான். மூட்டை இறக்குகிற ஆம்பளைகள் எல்லாம் பார்க்க, நின்ற இடத்திலேயே அவள் புடவை நனைந்துவிட்டது.

நான் ஒரு பெட்ஷீட்டை உருவி அவளைச் சுற்றிப் பிடித்தேன். இஸ்திரி போட்ட துணியை அழுக்காக்கிவிட்டேன் என்று தசரதன் என்னைத் திட்டினான். பேரன் எடுத்தவள்டா அவள். அந்த வாரம் முழுக்க வேலைக்கு வரவில்லை. வந்த அன்று என்னிடம் கேட்டது ஒன்றுதான்: "பஸ் ஸ்டாண்டு பக்கம் சங்கத்து ஆபீஸ் ஒண்ணு இருக்காமே, உனக்கு வழி தெரியுமாக்கா?"

சங்கம் அப்படித்தான் வந்தது. இப்போது சிரி.

மணியம்மாள்

*

திருவண்ணாமலை
4.11.2025

அக்காவுக்கு,

படித்தேன். தனமும் படித்திருக்கிறாள். நேற்று எனக்குச் சோறு வைத்தபோது தட்டு விழுந்த சத்தத்திலேயே தெரிந்துகொண்டேன்.

அந்த விஷயம் எனக்குத் தெரியாது. தெரிந்திருந்தால் பந்தியில் அப்படிப் பேசியிருக்கமாட்டேன். அதோடு அது முடிந்தது.

ஆனால் ஒன்று கேட்கிறேன், கோபப்படாமல் படி. உன்னை அந்த லாண்டரியில் சேர்த்துவிட்டது யார்? நான். முதலாளி பாலாஜி நல்ல மனுஷன். பாப்பாவுக்கு டெங்கு வந்தபோது அவர் காரிலேயே வேலூருக்கு அழைத்துப்போனார். என்னைப் பேர் சொல்லிக்கூடக் கூப்பிடமாட்டார், "வாங்க டிரைவர்" என்பார். இப்படிப்பட்டவரிடம் நேராகப் போய், சார், இந்த மாதிரி ஆகிவிட்டது என்று ஒரு வார்த்தை சொன்னால் முடிகிற காரியம். அதை விட்டுவிட்டு மனு, கையெழுத்து, வெளி ஆள். சங்கத்து ஆபீசிலிருந்து வருகிற அந்த அறிவுமதி என்கிறவர் யார்? பெட்ஷீட் மடித்திருக்கிறாரா?

உன் சங்கத்தில் யார் யார் எதற்குச் சேர்ந்தார்கள் என்று எனக்குத் தெரியாதென்று நினைக்காதே. வேனில் மூட்டை ஏற்றும்போது எல்லாம் காதில் விழுகிறது. ஒருத்தி, நாத்தனார் சேர்ந்துவிட்டாளே என்று சேர்ந்திருக்கிறாள். ஒருத்திக்கு ஞாயிற்றுக்கிழமை வீட்டில் புருஷன் தொல்லை, கூட்டம் என்றால் வெளியே வரலாம். பாய்லர்காரர் சின்னசாமிக்குத் தசரதனைக் கண்டால் ஆகாது. இன்னொருத்தி என்னிடமே சொன்னாள், "எல்லாரும் போறாங்கண்ணா, நான் மட்டும் எப்படிப் போவாம இருக்கறது?" இதற்குப் பேர் சங்கமா? கிரிவலத்துக்கு ஆள் சேர்ப்பது மாதிரி இருக்கிறது.

நானே முதலாளியிடம் பேசுகிறேன். சத்தம் போடாமல், பக்குவமாக. நீ பார், ஒரே நாளில் சரியாகிவிடும். அதுவரை பௌர்ணமி வேலையில் தகராறு எதுவும் செய்யாதே.

வேடியப்பன்

*

அடி அண்ணாமலை
10.11.2025

வேடியப்பா,

பக்குவமாகப் பேசினாயே, போதும்டா சாமி.

நீ என்ன சொன்னாய் என்று எனக்குத் தெரியாது. என்ன நடந்தது என்று சொல்கிறேன், நீதான் வேனை எடுத்துக்கொண்டு போய்விட்டாயே. பௌர்ணமி கழிந்து துணி வந்து குவிந்திருக்கிறது. ரோலர் ஓடிக்கொண்டிருக்கிறது. முதலாளி உள்ளே வந்தார். ஷெட்டுக்குள் அவர் வருவதே அபூர்வம். எல்லாரும் கேட்கிற மாதிரி, சிரித்துக்கொண்டே சொன்னார், "ரஹமத்தம்மா, உங்க பிரச்சினை எனக்குத் தெரியும். டிரைவர் சொன்னாரு. நீங்க மட்டும் எப்ப வேணா சாவி வாங்கிக்கோங்க. உங்களுக்கு ஸ்பெஷல் பர்மிஷன்."

டிரைவர் சொன்னாரு.

அன்றைக்கு அங்கே இல்லாதவர்கள், புதிதாகச் சேர்ந்தவர்கள், எல்லாரும் அவளைத் திரும்பிப் பார்த்தார்கள். என்ன பிரச்சினை என்று ஒருத்தி இன்னொருத்தியைக் கேட்பது என் காதில் விழுந்தது. ரஹமத் முகத்தை நீ பார்த்திருக்க வேண்டும். வேனோடு கொளுத்துவதாகச் சொன்னவள், பெட்ஷீட்டைக் கீழே வைத்தாள். சுவர்ப்பக்கம் போய் ரோலர் சுவிட்சை அணைத்தாள். அப்புறம் சொன்னாள், "எனக்கு ஸ்பெஷல் வேணாம் சார். பூட்டை எடுங்க."

முதலாளி சிரிப்பு அப்படியே நின்றுவிட்டது. "மெஷினைப் போடுங்க" என்றார். யாரும் போடவில்லை. நான் போட்டிருப்பேனோ என்னவோ, கை பழக்கத்தில். ஆனால் மடிக்கிற பக்கம் இருந்த சின்னப் பெண்கள்கூடக் கையைக் கட்டிக்கொண்டு நின்றுவிட்டார்கள். நீ சொன்னாயே, நாத்தனாருக்காகச் சேர்ந்தவள், அவள்தான் ரஹமத் பக்கத்தில் முதலில் போய் நின்றாள்.

சாயங்காலம் ஐந்து பேருக்கு சஸ்பெண்ட் கடிதம் வந்துவிட்டது. நானும் ரஹமத்தும் அதில் இருக்கிறோம். மறுநாள் மற்றவர்களும் உள்ளே போகவில்லை. இப்போது எல்லாரும் கேட்டுக்கு எதிரே, புளிய மரத்தடியில் உட்கார்ந்திருக்கிறோம்.

நல்லது செய்கிறேன் என்று நீ கிளம்பியதற்குக் கிடைத்தது இதுதான். இனி எனக்கு நல்லது செய்யாதே.

மணியம்மாள்

*

திருவண்ணாமலை
14.11.2025

அக்காவுக்கு,

நான் அவரிடம் தனியாக, ஆபீஸ் ரூம் கதவைச் சாத்திவிட்டுச் சொன்னேன். "யாருக்கும் தெரிய வேணாம் சார்" என்றும் சொன்னேன். அவர் தலையாட்டினார். அவர் ஷெட்டில் போய் அப்படிப் பேசுவார் என்று நான் கனவா கண்டேன்? ரஹமத்தம்மாவிடம் நான் கெட்ட எண்ணத்தில் சொல்லவில்லை என்று சொல். வேண்டாம், ஒன்றும் சொல்லாதே. நீ சொன்னால் அது வேறு மாதிரி ஆகும்.

இங்கே நடப்பதையும் கேள். எனக்குத் தலை வெடிக்கிறது. தீபத்துக்கு இன்னும் மூன்று வாரம்கூட இல்லை. எல்லா லாட்ஜிலும் ரூம் புக் ஆகிவிட்டது. ஆசிரமம் பக்கத்து கெஸ்ட் ஹவுஸ்காரர்கள் காலையில் கூப்பிட்டுத் தமிழில் திட்டுகிறார்கள், சாயங்காலம் கூப்பிட்டு இங்கிலீஷில் திட்டுகிறார்கள். எல்லாம் எனக்குத்தான். வேனில் கம்பெனி பேரும் என் போன் நம்பரும் எழுதியிருக்கிறதே.

தண்டராம்பட்டு பக்கத்துக் கிராமங்களிலிருந்து புதுப் பெண்களை வேனில் அழைத்துவரச் சொல்லிவிட்டார் முதலாளி. நாளை முதல் அழைத்துவரப் போகிறேன். முன்கூட்டியே சொல்லிவிடுகிறேன், அப்புறம் கேட்டில் வைத்து என்னை முறைக்காதே. நான் டிரைவர். ஏறுகிறவர்களை ஏற்றுவேன், இறங்குகிறவர்களை இறக்குவேன். மூட்டையைக் கேள்வி கேட்டா ஏற்றுகிறேன்?

மன்னிப்புக் கடிதம் ஒன்று டைப் அடித்து வைத்திருக்கிறார்கள். நாலு வரிதான். கையெழுத்துப் போட்டால் மறுநாளே வேலை என்கிறார் முதலாளி. உனக்கு முட்டி வலி வேறு. மண் தரையில் எத்தனை நாள் உட்காருவாய்? போடு. யாரும் உன்னைத் தப்பாக நினைக்கமாட்டார்கள்.

தனம் நேற்றிலிருந்து என்னோடும் பேசவில்லை. நம் குடும்பத்தில் பொம்பளைகள் எல்லாரும் ஒரே சாமியிடம் போய்ச் சத்தியம் செய்கிறீர்களா?

வேடியப்பன்

*

புளிய மரத்தடி
19.11.2025

வேடியப்பா,

மழையில் தார்ப்பாய் ஒழுகுகிறது, எழுத்து கலைந்திருந்தால் பொறுத்துக்கொள்.

சனிக்கிழமை நீ வேனைக் கொண்டுவந்தாய். ரஹமத் எழுந்துபோய் எதிரே நின்றாள். நீ ஹாரன் அடித்தாய். கையை எடுக்காமல் அடித்தாய். அவள் நகரவில்லை. சின்னசாமி போய்த் தோளைப் பிடித்து இழுத்ததால் நகர்ந்தாள், இல்லையென்றால் என்ன செய்திருப்பாய் என்று நினைத்தால் எனக்கு இன்னும் நெஞ்சு அடிக்கிறது. உனக்கும் அடித்திருக்கும், உன்னை எனக்குத் தெரியும். ஸ்டியரிங்கைப் பார்த்துக்கொண்டே உள்ளே போனாய்.

அந்தப் பெண்கள் மேல் எனக்குக் கோபம் இல்லை. ஒருத்தி ஜன்னல் வழியாக என்னைப் பார்த்துக் கையெடுத்துக் கும்பிட்டாள். எதற்கு என்று அவளுக்கும் தெரியாது. சாயங்காலம் நீ டீசல் போடப் போன நேரம், டீக்கடையில் அவர்களோடு பேசினேன். மூன்று பேருக்கு விரல் வெந்துபோயிருந்தது. ரோலரில் துணியை எப்படிக் கொடுப்பது என்று யாரும் சொல்லித்தரவில்லை. நான் கையை வைத்துக் காட்டிக்கொடுத்தேன். அறிவுமதி தோழர் தலையில் அடித்துக்கொண்டார். "இன்னாம்மா நீங்க, நம்ம வேலையைப் புடுங்க வந்தவங்களுக்கே டிரெய்னிங் குடுக்கறீங்க!" அவருக்கு என்ன தெரியும். வெந்த விரலைப் பார்த்துக்கொண்டு எப்படிச் சும்மா இருப்பது?

அவர்களில் ஒருத்தி மெதுவாகக் கேட்டாள், "அங்க சாவி வெச்சிருக்கறாரே, அவரு எல்லார்கிட்டயும் அப்படித்தான் பேசுவாராக்கா?" மறுநாள் உன் வேனில் இரண்டு பேர் கம்மியாக வந்தார்களே, கவனித்தாயா?

எங்கள் பக்கமும் கம்மியாகித்தான் போனது. ஐந்தாறு பேர் மன்னிப்புக் கடிதத்தில் கையெழுத்துப் போட்டு உள்ளே போய்விட்டார்கள். சங்கத்தில் முதலில் பேர் கொடுத்து, எல்லாரையும் விட அதிகமாகக் கோஷம் போட்டவள் அதில் ஒருத்தி. மழைக்கு ஒதுங்கிக்கொண்டு ஒரு வார்த்தையும் பேசாதவள் இன்னும் உட்கார்ந்திருக்கிறாள். யார் எதற்கு இருக்கிறார்கள் என்று எனக்கே புரியவில்லை. கேட்டால் ஆளுக்கொன்று சொல்கிறார்கள். ஒருத்தி, "உள்ள போனா அந்தாளு மூஞ்சியப் பாக்கணுமே" என்கிறாள். ஒருத்தி, "இங்க உக்காந்து எல்லாரோடயும் பேசறது நல்லாருக்குக்கா. உள்ள மெஷின் சத்தத்துல பக்கத்துல நிக்கறவ பேரே எனக்குத் தெரியாது" என்கிறாள். நீ கிரிவலத்துக்கு ஆள் சேர்ப்பது மாதிரி என்று எழுதினாய். இருக்கட்டுமே. அதில் மட்டும் எல்லாரும் ஒரே வேண்டுதலுக்கா நடக்கிறார்கள்?

நானும் நேற்றுக் கையெழுத்துப் போடலாம் என்று எழுந்தேன். உண்மையைச் சொல்கிறேன். முட்டி வலி, மழை, வீட்டில் அரிசி இல்லை. கேட் வரைக்கும் போனேன். வாட்ச்மேன் கேட்டான், "இன்னாம்மா, புத்தி வந்துச்சா?" திரும்பி வந்து உட்கார்ந்துவிட்டேன். அவன் மட்டும் வாயை மூடிக்கொண்டு கதவைத் திறந்திருந்தால் இந்நேரம் நான் உள்ளே இருந்திருப்பேன்.

மணியம்மாள்

*

திருவண்ணாமலை
24.11.2025

அக்கா,

நீ இதைப் படிப்பதற்குள் ஊரில் யாராவது உனக்குச் சொல்லியிருப்பார்கள். தப்புத் தப்பாகச் சொல்லியிருப்பார்கள். நடந்தது இது.

போன வாரம் தேரடி வீதியில் தீபத்துக்குப் பந்தல் போடுகிறவர்கள் மூங்கிலைத் திருப்பும்போது வேன் முன்கண்ணாடியில் இடித்துவிட்டார்கள். ஒரு மூலையில் ஆரம்பித்த விரிசல், நடு வரைக்கும் ஓடிவிட்டது. அன்றைக்கே முதலாளியிடம் சொன்னேன். சரி, தீபம் முடியட்டும், மாற்றிக்கொள்ளலாம் என்றார்.

சனிக்கிழமை என்னை ஆபீஸ் ரூமுக்குக் கூப்பிட்டார். தசரதனும் இருந்தான். உட்காரச் சொன்னார். பதினாலு வருஷத்தில் அந்த நாற்காலியில் நான் உட்கார்ந்ததில்லை. "டிரைவர், ஸ்டேஷன்ல ஒரு கம்ப்ளெய்ண்ட் குடுத்திருக்கேன். கல்லால அடிச்சு வேன் கண்ணாடிய ஒடச்சுட்டாங்கன்னு. நீங்கதான் வண்டில இருந்தீங்க. வந்து ஆமான்னு சொன்னா போதும்" என்றார்.

"யாரு அடிச்சதா சார் குடுத்திருக்கீங்க?" என்று கேட்டேன்.

"ரஹமத். அப்பறம் மணியம்மாள்."

நான் சொன்னேன், "சார், மணியம்மாள் எங்க அக்கா."

"தெரியும். அதான் நீங்க சொன்னா நம்புவாங்க" என்றார். அப்புறம் சிரித்துக்கொண்டே, "அக்காகூடத்தான் பேச்சுவார்த்தையே இல்லன்னீங்களே டிரைவர்?" என்றார்.

அக்கா, அவர் என்னை மிரட்டியிருந்தால்கூட எனக்கு இவ்வளவு ஆத்திரம் வந்திருக்காது. பாப்பாவை அவர் காரில் கொண்டுபோன அன்று, வழியெல்லாம் நான் அழுதுகொண்டே போனேன். அவர் தண்ணி வாங்கிக் கொடுத்தார். அது பொய்யில்லை. அந்த மனுஷன்தான் இவரும். அதே குரல்தான். எனக்கு எதை நம்புவது என்றே தெரியவில்லை.

முதலாளியோடு ஸ்டேஷனுக்குப் போனேன். இன்ஸ்பெக்டர் கேட்டார், "யாருய்யா அடிச்சது?" நான், "யாரும் அடிக்கல சார். பந்தக்காரங்க மூங்கில் இடிச்சுது. வேணும்னா அவங்களையே கேளுங்க, இன்னும் அங்கதான் கட்டிக்கினு இருக்காங்க" என்றேன். அவர் முதலாளியைப் பார்த்தார். முதலாளி என்னைப் பார்த்தார். வெளியே வந்ததும், "நாளையிலேர்ந்து வராதீங்க டிரைவர்" என்றார். அப்போதும் "வராதீங்க"தான். மரியாதை குறையவில்லை.

உன் சங்கத்துக்காகச் செய்தேன் என்று யாரும் மாலையைத் தூக்கிக்கொண்டு வரவேண்டாம். நான் எந்தப் பக்கமும் இல்லை. எனக்கு எல்லார் மேலும் எரிச்சலாக இருக்கிறது. ஒரு கண்ணாடி எப்படி உடைந்தது என்று கேட்டார்கள், சொன்னேன்.

வீட்டில் தனம் பேச ஆரம்பித்துவிட்டாள். அது ஒன்றுதான் மிச்சம்.

வேடியப்பன்

*

அடி அண்ணாமலை
30.11.2025

வேடியப்பா,

தொழிலாளர் ஆபீசில் வைத்து வியாழக்கிழமை பேசி முடித்தார்கள். தீபத்துக்கு ஆறே நாள் இருந்தது. அழுக்குத் துணி வாசல் வரைக்கும் வந்துவிட்டது, புதிதாக வந்த பெண்கள் பாதிப் பேர் போய்விட்டார்கள், முதலாளிக்கு வேறு வழி இல்லை. கக்கூஸ் பூட்டை எடுத்துவிட வேண்டும், உள்பக்கம் தாழ்ப்பாள் போட வேண்டும். மடிக்கிற பக்கம் உட்கார ஸ்டூல். சஸ்பெண்ட் ஆன ஐந்து பேரும், வெளியே நின்ற எல்லாரும் உள்ளே போகலாம். பௌர்ணமிக்கு விடிய விடிய வேலை வாங்குவதைப் பற்றி மட்டும் அவர் பிடி கொடுக்கவில்லை. அதை அப்புறம் பார்ப்போம் என்று அறிவுமதி தோழர் கையெழுத்துப் போட்டார்.

அந்தக் காகிதத்தில் உன் பேர் இல்லை. நீ சங்கத்தில் இல்லை. நீ சஸ்பெண்டும் இல்லை. வெறுமனே, "வராதீங்க."

அன்று சாயங்காலம் மரத்தடியில் கூட்டம். நான்தான் செயலாளர், ஆனால் உன்னைப் பற்றி நான் எப்படிப் பேச்சை எடுப்பது? வாயை மூடிக்கொண்டு இருந்தேன். சின்னசாமிதான் எடுத்தார், "டிரைவர் விஷயம் இன்னா பண்றது?" என்று. ஒரே சத்தம். "அவன் நம்ம முன்னாடியே ஆளுங்கள ஏத்திக்கினு உள்ள போனான்ல?" என்றாள் ஒருத்தி. "சந்தா கட்டாதவனுக்கு எதுக்கு சங்கம்?" என்றாள் இன்னொருத்தி. அவர்கள் சொன்னதில் தப்பில்லை. எனக்கு அழுகை வந்தது, அடக்கிக்கொண்டேன். அறிவுமதி தோழரும், முதலில் உள்ளே போங்கள், பிறகு தனியாக மனுப் போடலாம் என்றார்.

ரஹமத் வெற்றிலையைத் துப்பிவிட்டு எழுந்தாள். "அவனும் வந்தாத்தான் நான் உள்ள போவேன்" என்றாள்.

எல்லாரும் அவளையே பார்த்தார்கள். நானும்தான். "ஏண்டி, அவன் உன்மேல வேனை ஏத்தப் பாத்தானே" என்று கேட்டுவிட்டேன்.

"அவன எனக்குப் புடிக்காதுக்கா. இப்பவும் புடிக்காது. என் விஷயத்தக் கொண்டுபோயி அந்தாளுகிட்ட சொன்னவன். அது வேற" என்றாள். "என் பேரச் சொல்லி கேஸு குடுத்தாங்க. இல்லன்னு சொன்னதுக்கு அவன வெளிய நிறுத்துறாங்க. இத வுட்டுட்டு நான் உள்ள போயி ஸ்டூல்ல உக்காந்தா, நாளைக்கு எனக்கு ஒண்ணுன்னா எவன் வாயத் தொறப்பான்?"

அப்புறம் அந்த வாயில்லாப் பூச்சி, மழைக்கு ஒதுங்கிக்கொண்டிருந்தவள், "அப்ப நானும் போவல" என்றாள். அவ்வளவுதான். வெள்ளிக்கிழமை காலையில் கேட்டைத் திறந்துவைத்துக்கொண்டு வாட்ச்மேன் கூப்பிடுகிறான், ஒருத்தரும் அசையவில்லை. முதலாளி வந்து கத்தினார். அந்த மனுஷன் கத்தி இன்றைக்குத்தான் பார்த்தேன் என்றார் சின்னசாமி. மத்தியானத்துக்கு மேல் இறங்கிவந்தார். வேன் தரமாட்டேன், வேண்டுமென்றால் உள்ளே தண்ணி செக்‌ஷனில் துவைக்கிற வேலைக்கு வரட்டும் என்றார். ஒத்துக்கொண்டோம். உன்னைக் கேட்காமல் ஒத்துக்கொண்டது தப்புதான். வேறென்ன செய்வது, எல்லாரும் பசியோடு நின்றார்கள்.

அதைச் சொல்லத்தான் நான் உன் வீட்டுக்கு ஓடிவந்தேன். வாசலில் நின்று "டேய் வேடியப்பா" என்று கூப்பிட்டது உனக்கே தெரியும். நீ கதவைத் திறக்கும்போதுதான் எனக்குச் சத்தியம் ஞாபகம் வந்தது. அண்ணாமலையாரிடம் நான் பேசிக்கொள்கிறேன். நீ செருப்பை மாட்டிக்கொண்டு கடைப்பக்கம் போய்விட்டாய், அதனால்தான் மீதியை எழுத வேண்டியதாகிவிட்டது.

நாளைக்குக் காலையில் வா. லுங்கி வேண்டாம், அரைக்கால் சட்டை போட்டுக்கொண்டு வா. தண்ணி செக்‌ஷனில் முழங்கால் வரைக்கும் நனையும்.

அக்கா

*

திருவண்ணாமலை
12.12.2025

பெறுநர்: செயலாளர், லாண்டரித் தொழிலாளர் சங்கம்.

அம்மா,

கேட்டில் உன்னிடம் வாயால் சொன்னபோது, புகார் என்றால் எழுத்தில் கொடு, அதுதான் சங்கத்து வழக்கம் என்றாய். நேற்று வந்தவன் என்பதால் எனக்குச் சட்டம் பேசுகிறாய். சரி, எழுதுகிறேன்.

தண்ணி செக்‌ஷனில் சாக்கடை அடைத்துக்கொண்டு இருக்கிறது. சோடாவும் பிளீச்சும் கலந்த தண்ணி போக வழியில்லாமல் கணுக்கால் அளவுக்கு நிற்கிறது. அதிலேயே நாள் பூராவும் நிற்கிறோம். எனக்குக் கால் விரல் இடுக்கெல்லாம் வெந்து வெள்ளையாகிவிட்டது. ராத்திரி எரிச்சலில் தூக்கம் இல்லை. தனம் மஞ்சளும் எண்ணெயும் போடுகிறாள், கேட்கவில்லை. பக்கத்தில் வேலை செய்கிற கருப்பனிடம் காட்டினேன். அவன் தன் காலைத் தூக்கிக் காட்டினான். நான் சாப்பிட உட்கார்ந்திருந்தேன், கையைக் கழுவிவிட்டேன்.

இத்தனை வருஷம் இதையேன் யாரும் சொல்லவில்லை என்று கேட்டேன். "யாருகிட்ட சொல்றதுண்ணா?" என்றான். மூட்டையை வாசலில் போட்டுவிட்டு எத்தனை ஆயிரம் தடவை ஹாரன் அடித்துக்கொண்டு திரும்பியிருப்பேன், அந்தக் கதவுக்கு அந்தப் பக்கம்தான் இவன் நின்றுகொண்டிருந்திருக்கிறான்.

தசரதனிடம் சொன்னேன். ரப்பர் பூட்ஸ் கேட்டேன். "நீயும் ஆரம்பிச்சுட்டியா?" என்றான். எனக்கு வந்த ஆத்திரத்தில் கையிலிருந்த ஈரத் துணியை அவன்மேல் எறிந்திருப்பேன், கருப்பன் பிடித்துக்கொண்டான். பிடித்துக்கொண்டு காதில் சொன்னான், "வேணாண்ணா. ஞாயித்துக்கிழமை கூட்டத்துல சொல்லலாம்." நான் வருவேன் என்று அவனுக்கு யார் சொன்னது?

சங்கத்தைப் பற்றியும் எனக்குப் புகார் இருக்கிறது, அதையும் எழுத்திலேயே கொடுத்துவிடுகிறேன். போன கூட்டத்தில் ஸ்டூல் பற்றி அவ்வளவு நேரம் பேசினீர்களாமே. தண்ணி செக்‌ஷன் பற்றி ஒருத்தரும் வாயைத் திறக்கவில்லை, ஏனென்றால் அங்கே இருக்கிறவன் யாரும் கூட்டத்துக்கு வருவதில்லை. ஏன் வருவதில்லை என்று நீங்கள் போய்க் கேட்டதும் இல்லை. நான் கேட்டேன். கூட்டம் நாலு மணி என்று சொல்லிவிட்டு ஆறு மணிக்கு ஆரம்பிக்கிறீர்கள், அவர்களுக்கு அந்த நேரத்தில் ஊருக்குப் பஸ் இல்லை. பௌர்ணமி இரவு வேலையை அப்புறம் பார்ப்போம் என்று கையெழுத்துப் போட்டது யாரைக் கேட்டு என்றும் அறிவுமதி தோழரிடம் எனக்குக் கேட்க வேண்டும். அடுத்த பௌர்ணமி தூரத்தில் இல்லை. அந்தத் துணியையெல்லாம் நாங்கள்தான் துவைக்கப் போகிறோம்.

ரஹமத்தம்மா இன்னும் என்னோடு பேசுவதில்லை. நான் வணக்கம் வைத்தால் அந்தப் பக்கம் திரும்பிக்கொள்கிறார். நேற்று என் காலைப் பார்த்துவிட்டு ஒரு களிம்பு டப்பாவைக் கருப்பனிடம் கொடுத்து அனுப்பியிருக்கிறார். வாங்கிக்கொண்டேன். இதற்கு நான் என்ன செய்வது, நீயே சொல்.

ஞாயிற்றுக்கிழமை தண்ணி செக்‌ஷன் ஆட்கள் ஒன்பது பேரும் வருகிறோம். நாலு மணி என்றால் நாலு மணிக்கு ஆரம்பியுங்கள். முதலில் சாக்கடையைப் பேச வேண்டும், அப்புறம் மற்றதெல்லாம். முடியாது என்றால் நான் அங்கேயே உட்கார்ந்து கத்துவேன், சொல்லிவிட்டேன்.

இப்படிக்கு,
வே. வேடியப்பன்,
உறுப்பினர்